கவிழ்த்து வைத்த பரிசல்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலை கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் அமைந்த அத்திபெலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். ஏரிகள் உண்டு, சொல்லிக்கொள்ளும்படியான ஆறு ஊருக்குள் இல்லை. ஆனால் ஊருக்குக் கிழக்கே, நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை நோக்கிப் போகிறது. தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மலைச்சாலையில் இறங்கினால் ஒகேனக்கல்லில் காவிரியே எதிர்ப்படுகிறது. துடுப்புப் போடுவோருக்கு இவ்வூர் நீர்நிலை அல்ல, நீர்நிலைகளுக்குப் போகும் வழியில் உள்ள கிடங்கு. படகும் உடையும் ஆண்டின் பெரும்பகுதி நாள்களைத் தண்ணீரில் அல்லாமல் இத்தகைய மேட்டுநில வீடுகளின் பரணிலும் தகரக் கொட்டகையிலும்தான் கழிக்கின்றன. நீர்புகாப் பொருள் ஒன்றின் ஆயுள், அது மிதந்த நாள்களைவிட இப்படிச் சும்மா கிடந்த நாள்களாலேயே பெரிதும் முடிவாகிறது என்பதை அப்பொருள்களின் வேதியியல் காட்டுகிறது.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பராமரிப்புக் கையேடுகள், கோடை முடிந்ததும் படகைக் கழுவிக் காயவைத்துப் பனிக்காலம் முழுவதும் மூடிவைக்கச் சொல்கின்றன. குளிர், வேதிவினைகளை மெதுவாக்குவதால் அங்கே ஓய்வுக்காலமே பொருளுக்குப் பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகிறது. காவிரிக் கரையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தென்மேற்குப் பருவமழையில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறக்கப்படும் ஆடி, ஆவணி மாதங்களில் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் நீர்வரத்து ஏறுகிறது. ஏறியதும் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. ஆக, ஆற்றில் தண்ணீர் மிக அதிகமாக இருக்கும்போதுதான் பரிசல் கரையேறுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் மாதங்களும் அவையே. இன்னொரு ஓய்வு, ஆறு வற்றிப் பாறை தெரியும் கடுங்கோடையில் வருகிறது. ஒன்று ஈரத்தில் கிடக்கும் ஓய்வு, மற்றொன்று வெப்பத்தில் கிடக்கும் ஓய்வு; கையேடுகள் கருதும் குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு இந்நிலத்துக்குக் கிடைப்பதே இல்லை.

இந்த இரு ஓய்வுகளையும் நெடுங்காலமாகச் சமாளித்து வந்த கலம் பரிசல், கன்னடத்தில் ஹரிகோல். 1520 அளவில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியரான டொமிங்கோ பயஸ், கூடைபோல் வட்டமாக முடைந்து வெளியே தோல் போர்த்திய இத்தகைய கலங்களில் மனிதர்களோடு குதிரைகளும் எருதுகளும் ஆற்றைக் கடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்து, பின்னாளில் உலகக் கலங்களின் தோற்றம் பற்றி 1946-இல் பெருநூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் என்ற அறிஞரும் தென்னிந்தியப் பரிசல்களைத் தனியே ஆராய்ந்தவர். ஒகேனக்கல்லிலும், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் மீன்பிடிப்போரிடத்தும் இன்று காணப்படும் பரிசலில் தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எலும்புக்கூடு மட்டும் பழையபடி மூங்கில் பிளாச்சுதான். பேச்சுவழக்கில் எல்லாமே தார் எனப்பட்டாலும், நிலக்கரியிலிருந்து வடியும் தார் வேறு, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் பிட்டுமென் வேறு. சாலைக்கும் பரிசலுக்கும் இன்று பூசப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே.

பரிசலைக் கரையேற்றியதும் கவிழ்த்து வைப்பது வழக்கம். உள்ளே தேங்கிய நீர் வடிவதற்கே அது என்று தோன்றலாம். ஆனால் பயன் அதோடு முடிவதில்லை. மூங்கிலின் திசுக்களில் மாவுப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தின்னும் சிறு வண்டுகள் உள்ளே துளைத்து, மாவுபோன்ற தூளை வெளியே தள்ளுவதையே மூங்கில் உளுத்துப்போதல் என்கிறோம். வெட்டிய மூங்கிலை ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடும் பழைய முறை, அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றி வண்டுக்குத் தீனி இல்லாமல் செய்கிறது. பூஞ்சைக்கோ மாவோடு ஈரமும் வேண்டும். கவிழ்த்த பரிசலின் விளிம்பு ஓரிடத்தில் கல்லின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டால், உள்ளே காற்று ஓடிப் பின்னல்களின் சந்துகள் உலர்ந்துவிடுகின்றன. தரையோடு ஒட்டக் கவிழ்த்தால் மண்ணின் ஈரம் முழுவதும் உள்ளே சிறைப்பட்டு, அதன்பின் கறையானுக்கும் வழி கிடைக்கிறது.

ஆயினும் இதில் ஒரு முரண் இருக்கிறது. மூங்கிலைக் காப்பதற்காகக் கவிழ்த்த அதே நொடியில், தார் பூசிய புறம் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. கறுப்பு நிறம் வெயிலை ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சுவதால், பூச்சின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாக உயர்கிறது. தார் இளகிச் சரிவில் மெல்ல வழிய, மேற்பகுதியில் படலம் மெலிகிறது. கூடவே புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் எண்ணெய்த்தன்மையுள்ள கூறுகளை மாற்றிவிடுவதால், நாளடைவில் பூச்சு இறுகி, வளைந்தால் வெடிக்கும் நிலைக்கு வருகிறது. சாலைத் தார் ஆண்டுகள் செல்லச் சாம்பல் நிறமாகி விரிசல் காண்பதும் இதே நிகழ்வுதான். ஆகவே பரிசலுக்குக் கவிழ்ப்பு மட்டும் போதாது, நிழலும் வேண்டும். புளியமரமோ புங்கமரமோ தரும் நிழல், மரத்தடியில் காற்றும் உலவுவதால், மூடிய தகரக் கொட்டகையைவிட மேலானது.

பரிசலிலிருந்து இன்றைய துடுப்பாளரின் பொருள்களுக்கு வந்தால், முதல் பகை கண்ணுக்குத் தெரியாத நீராவி. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது: 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவும், 20 பாகையில் 17 கிராம் அளவும் தாங்கும். 30 பாகையில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்றோடு ஒரு பையை இறுக்கிக் கட்டிவிட்டால், இரவில் 20 பாகைக்குக் குளிரும்போது கன மீட்டருக்கு 7 கிராம் வீதம் நீர் உள்ளேயே துளியாகப் படிகிறது. ஒரு பைக்குள் அடங்கும் காற்று சிறிதுதான், அதிலிருந்து படியும் நீரும் சொற்பமே. ஆனால் அதே பைக்குள் அரைகுறையாகக் காய்ந்த உடை ஒன்று இருந்தால், பகலில் துணியிலிருந்து ஆவியாகி இரவில் மடிப்பில் படியும் இச்சுழற்சி மாதக்கணக்கில் ஓயாது நடக்கும். நீரை வெளியே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட பொருள் நீரை உள்ளே நிறுத்துவதிலும் அதே திறமையைக் காட்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த ஈரம் துர்நாற்றத்தையும் பூஞ்சைக் கறையையும் மட்டும் தருவதானால் கழுவிச் சரிசெய்துவிடலாம். நைலான் துணியின் உட்புறத்தில் நீர்புகாத் தன்மைக்காகப் பூசப்படும் பாலியூரித்தேன் என்ற நெகிழி அவ்வளவு பொறுமையானதன்று. அதன் ஒரு வகையில் மூலக்கூறுச் சங்கிலியின் கண்ணிகள் எஸ்டர் பிணைப்புகளால், அதாவது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் நீரை விட்டுக்கொடுத்துச் சேர்ந்த பிணைப்புகளால், இணைந்திருக்கின்றன. விட்டுக்கொடுத்த நீர் திரும்பி வந்தால் அந்தப் பிணைப்பு மீண்டும் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிகிறது. நீராற்பகுப்பு எனப்படுவது இதுவே. பிரிந்து வரும் அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதையும் விரைவுபடுத்துவதால், தொடங்கும்போது மெதுவாக இருந்த சிதைவு போகப்போக வேகம் எடுக்கிறது. மழைக்கோட்டின் உட்புறம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிவதும், பெட்டியில் பத்திரமாக வைத்த விலையுயர்ந்த காலணியின் அடிப்பாகம் சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்த அன்றே புட்டுபோல் உதிர்வதும் இதன் விளைவுகள். கடைக்காரரைக் குறைசொல்லும் முன், அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டுக்கொள்வது நியாயம். ஈதர் பிணைப்பு கொண்ட பாலியூரித்தேன் இத்தாக்குதலை நன்கு தாங்கும்; ஆனால் விலைச்சீட்டில் அந்த விவரம் அரிதாகவே இடம்பெறுகிறது.

வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலாளர் கைக்கொள்ளும் தோராய விதி. பெங்களூருவின் குளுமை பேர்பெற்றதாயினும் 2016 ஏப்ரல் 24 அன்று அந்நகரில் 39.2 பாகை பதிவானது. கல்நார் ஓடோ தகரமோ வேய்ந்த அறையின் பரண், வெளிக்காற்றைவிட மேலும் சூடேறும். தரைமட்டத்தில் 25 பாகையும் பரணில் 45 பாகையும் இருப்பதாகக் கொண்டால், அந்த விதியின்படி மேலே வைத்த உடை கீழே வைத்ததைவிட நான்கு மடங்கு விரைவாக மூப்படைகிறது. வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றும் வீட்டு வழக்கம் இதனாலேயே துடுப்பு உடைகளுக்கு ஆகாது. கட்டிலடியோ, உட்சுவரை ஒட்டிய மர அலமாரியோ மேல். மாசி, பங்குனியின் பிற்பகல்களில் இம்மேட்டுநிலத்தின் ஈரப்பதம் 30 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. அந்நாள்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் உதறி உலர்த்திவிட்டு வைப்பது, ஆண்டு முழுவதும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்புவதைவிடப் பயன் தரும். அப்பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நீரை உறிஞ்சும், அதன்பின் சூடேற்றி உலர்த்தாவிட்டால் வெறும் மணல்தான்.

ரப்பரின் கதை வேறு. 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே பூசி நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் ஒட்டி, குளிரில் விறைத்த அந்த ரப்பரை, கந்தகத்தோடு சூடேற்றினால் நிலைபெறும் என்று 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டார். கந்தகம் ரப்பர் சங்கிலிகளைக் குறுக்கே பாலமிட்டுக் கட்டியபோதும், சங்கிலிகளின் நெடுக உள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலானவை அப்படியே எஞ்சி நிற்கின்றன. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஓசோன் வாயு அந்த இரட்டைப் பிணைப்பையே தேடிப் பிடித்து வெட்டுகிறது. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் இவ்வெட்டு மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்ட ரப்பரிலோ வெட்டிய இடம் வாய்பிளக்க, உள்ளிருக்கும் புதுப் பரப்பு ஓசோனுக்கு அகப்பட்டு, விரிசல் இழுவிசைக்குக் குறுக்காக ஆழ்ந்துகொண்டே போகிறது. காகிதக் கட்டைச் சுற்றிய ரப்பர் வளையம் சில மாதங்களில் வெடித்துவிட, மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் அதன் உடன்பிறப்பு நெடுநாள் தாங்குவதன் காரணம் இதுவே.

லடாக்கின் சன்ஸ்கார் போன்ற குளிர்நீர் ஆறுகளுக்குச் செல்வோர் அணியும் டிரை சூட் எனப்படும் உலர் உடையில், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீரைத் தடுக்கும் மெல்லிய லேடெக்ஸ் பட்டைகள் இருக்கும். ஆடைமாட்டியிலோ டப்பாவைச் சுற்றியோ அவற்றை இழுத்து மாட்டி வைப்பது, ரப்பர் வளையத்தின் கதியை விலைகொடுத்து வாங்குவதாகும். மோட்டார் பொறி பறக்கும் இடங்களில் ஓசோன் உண்டாகிறது என்பதால் பம்புசெட் அறை தவிர்க்கத்தக்கது. லாரிகள் இரவும் பகலும் ஓடும் அத்திபெலே நெடுஞ்சாலையின் ஓரமே மிக மோசம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் புதிதாக வெளிவரும் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடுகிறது. வெயிலில் அப்புகை முதிர்ந்து, காற்றோடு சில கிலோமீட்டர் போனபின்னரே ஓசோன் மிகுகிறது. தூய காற்று என்று நம்பப்படும் புறவூர்த் தோட்ட வீடு, இந்த ஒரு வகையில், சாலையோரக் கடையைவிட ரப்பருக்கு நல்லதன்று.

செம்பும் ரப்பருக்கு நஞ்சு. செம்பின் அயனிகள் சிறிதளவு படிந்தாலும் ரப்பர் ஆக்சிஜனோடு வினைபுரிவது பன்மடங்கு விரைவாகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்ததே ஆகையால், சீராக வந்த பித்தளை அண்டாவுக்குள் ரப்பர் உடையைத் திணித்து வைப்பது கூடாது. பாச்சை உருண்டையும் ஆகாது: அதிலுள்ள நாப்தலீன், மேக்கின்டாஷ் ரப்பரைக் கரைக்கப் பயன்படுத்திய அதே நிலக்கரித் தாரின் பொருள்களுக்கு உறவு, அதன் ஆவியை ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும், வாடையும் எளிதில் போகாது. மிதிவண்டிக் கடைகளில் டியூப் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கப் பூசும் வெள்ளைத் தூளே, வாசனை சேர்க்காத டால்க், இங்கும் தக்க காப்பு. 1931-இல் டூபாண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில், இரட்டைப் பிணைப்பின் அருகே அமர்ந்த குளோரின் அணு ஓசோனின் தாக்குதலை மட்டுப்படுத்துகிறது. ஆனால் நுரையாக்கிய நியோப்ரீன் உடையைக் கம்பி மாட்டியில் தொங்கவிட்டால், தோளில் நுரையின் காற்றறைகள் நசுங்கி அந்தக் கோடு நிலைத்துவிடும்.

துணியின் வெளிப்புறத்தில் துளி உருண்டோடச் செய்யும் பூச்சுக்குத் தமிழில் பழகிய உவமை தாமரை இலை. 1997-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் அவ்விலையின் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகுமே நீரை ஒட்டவிடாமல் செய்கின்றன என்று விளக்கினர். துணிப்பூச்சில் மெழுகின் வேலையை நெடுங்காலம் செய்தவை ஃபுளோரின் சேர்மங்கள். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, சூழலில் சிதையாது தங்குவதால் 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. எந்தச் சேர்மமாயினும் அதன் எதிரி சோப்பு வகை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் விரும்புவதால், அது துணியில் படிந்தால் நீருக்கும் பூச்சுக்கும் நடுவே தரகனாகிறது. உருள வேண்டிய துளி பரவி நனைக்கிறது.

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியதை நாடே பார்த்தது. அந்த ஏரியின் வழிநீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலும் நுரை மலைபோல் எழும்புவதுண்டு. கழிவுநீரில் கலந்த சலவைப்பொருள்களுக்கு அந்நுரையில் பெரும்பங்கு உண்டு என்பதால், இத்தகைய நீரில் இறங்கிய உடை வெயிலில் காய்ந்ததும் தூய்மையாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. நீர் போய்விடும், சலவைப்பொருள் துணியிலேயே தங்கும். ஓய்வுக்கு அனுப்புமுன் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுவதும், நன்கு உலர்ந்தபின், துணியின் குறிச்சீட்டு அனுமதித்தால், மெல்லிய சூடு காட்டுவதும் பூச்சின் மூலக்கூறுகளை மீண்டும் நிமிரச் செய்கின்றன.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் பருவம் முன்னரே தெரியும். பருவம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பவை மீட்புப் படகுகள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலை, சர்ஜாபூர் சாலைப் பகுதிகளிலும் காற்றடைத்த படகுகள் தெருக்களில் ஓடின. வெள்ளமில்லாத ஆண்டுகளில் அவை மடித்த நிலையில் கிடந்தால், ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப வளைந்த பூச்சு அங்கேயே முதலில் வெடிக்கிறது. பிவிசி படகானால், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் மெல்ல வெளியேறி விறைப்பும் சேர்ந்துகொள்ளும். பல படகுகளுக்குப் பயன்பட்ட ஹைபலான் ரப்பர் அவ்வகையில் உறுதியானது. ஆனால் டூபாண்ட் 2010-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இடமிருந்தால் சிறிது காற்றோடு விரித்து வைப்பதே நன்று. முழுக்காற்றோடு வைப்பதோ ஆபத்து: அத்திபெலே உயரத்தில் வெளியழுத்தம் ஏறத்தாழ 0.91 பார், 20 பாகை வெப்பத்தில் அதற்குமேல் 0.2 பார் அடைத்த படகு கொட்டகையில் 50 பாகைக்குச் சூடேறினால், உள்ளழுத்தத்தின் மிகை 0.31 பாருக்கு, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல், உயர்ந்து ஒட்டுவாய்களைப் பிரிக்கும்.

லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாக்கி உட்காருவது நுரையை நசுக்கும். நசுங்கிய நுரைக்குள் குறைந்த காற்றுக்குக் குறைந்த மிதப்பே உண்டு. பருவத் தொடக்கத்தில் தொட்டி நீரில் அதை எடைகட்டி அமிழ்த்திப் பார்க்கும் சோதனை எவரும் செய்யக்கூடியது. பரிசலுக்கும் அதுபோன்ற ஒரு சோதனை உண்டு: நண்பகலில் கவிழ்த்த பரிசலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால், தார் போன இடங்கள் ஒளிப்புள்ளிகளாக மின்னும். எனினும் ஒளி நேர்கோட்டில் செல்லும், நீர் சந்தில் வளைந்தும் நுழையும். சாக்கின் மடிப்புக்குள் கோணலாக ஓடும் விரிசல் கண்ணுக்கு இருட்டாகவே இருந்து ஆற்றில் கசியும். ஒளிப்புள்ளிகளை அடைத்தபின் பரிசலைக் கரையோர ஆழமற்ற நீரில், ஆளேற்றாமல், கல் பாரம் வைத்துச் சிறிது நேரம் மிதக்கவிட்டு, பின்னலில் எங்கே முதலில் ஈரம் கறுக்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு மறுபடியும் தார் காய்ச்ச வேண்டியிருக்கும்.